மூன்று வெளிச்சம்

பகலில் எனக்கு மூன்று வெளிச்சம்.
வீரபாண்டி சாயப்பட்டறை லேப்பில்
பெட்டிக்குள் துணித்துண்டை வைத்து
ஒவ்வொரு ஸ்விட்சாகத் தட்டுவேன்.
நடுப்பகல், கடை டியூப்லைட், வீட்டு மஞ்சள் பல்பு.
மூன்றிலும் ஒரே நீலமாய் நிற்காவிட்டால்
ஹாம்பர்க்காரன் லாட்டையே திருப்பிவிடுவான்.
ஒரு பொட்டு சிவப்பு கூடினாலும் எனக்குத் தெரியும்.
அதற்குத்தான் சம்பளம்.

ராத்திரி ஒரே வெளிச்சம்.
ராயபுரம் மாடியறை, நான்கு தொட்டி,
உப்புத்தண்ணீர், மோட்டார் முனகல்.
வெள்ளையை அணைத்து நீலத்தை மட்டும் ஏற்றினால்
பட்டன் அளவுப் பவளமெல்லாம்
நோம்பிக் கடை வளையல்போல் எரியும்.
படம் எடுத்தபின் விரலால்
நிறத்தை இன்னும் கொஞ்சம் இழுப்பேன்.
அந்த இழுப்பில்தான் ஐந்நூறு
ஆயிரத்து இருநூறு ஆவது.

பவானிக்கு ஒன்று போனது.
பச்சை வட்டம், நடுவே குங்குமக் கண்.
வாங்கியவர் தெய்வானை, மருந்துக்கடை வைத்திருப்பவர்.
நாலாம் நாள் படம் வந்தது:
டியூப்லைட்டுக்குக் கீழே
தினசரி காலண்டர் பக்கத்தில்
புளியங்கொட்டை நிறத்தில் அது.
ஏமாத்திட்டீங்க என்று எழுதவில்லை.
"தூங்குதுங்களா?" என்று கேட்டிருந்தார்.

உப்பளவு பாருங்க என்றேன்.
பார்த்தார். தண்ணீர் மாற்றினார்.
புது உப்பு வாங்கினார், என்னிடமே.
"இன்னும் முழிக்கலீங்க.
என் கைராசி சரியில்ல போல."

மறுநாள் லேப்பில்
இரண்டாவது ஸ்விட்ச்மேல் விரல் அப்படியே நின்றது.
ஹாம்பர்க்குக்கு மூன்று.
பவானிக்கு ஒன்று.

சாயம் படாத பனியன் துணியில்
விரலகலம் வெட்டிவந்து
தொட்டிக் கண்ணாடியில் ஒட்டினேன்.
துணி வெள்ளையாகத் தெரியும்வரை சரிசெய்தேன்,
அதன்பின் எதையும் தொடவில்லை.
என் தொட்டியிலும் புளியங்கொட்டைதான்.
ஓரத்தில் மட்டும் ஒரு பாசிப்பச்சை,
இத்தனை நாள் நீலத்தில் கரைந்து கிடந்தது,
நானே பார்த்ததில்லை.

தெய்வானைக்கு அனுப்பினேன்.
இதுதானுங்க அதன் நிறம்.
அந்தச் சிவப்பு என் விளக்கும் என் விரலும்.
பவளத்துக்கும் உப்புக்கும் பணம் திருப்பிடறேன்.
எழுதுகிறார், எழுதுகிறார் என்றே
வெகுநேரம் காட்டியது போன்.
"அப்ப அதுக்கு ஒண்ணும் இல்லீங்களே?"

ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் இருக்குது.

துணியோடு படங்கள் போட்டு ஒன்பது நாள்.
ஊத்துக்குளியிலிருந்து ஒரே ஒரு பையன் கேட்டான்:
"அண்ணா, நீல லைட்ல ஒண்ணு அனுப்புங்க."
அனுப்பினேன்.
விளக்கு விலையில் சேராது என்று கீழே எழுதி.

பார்த்துவிட்டான்.
பதில் இன்னும் இல்லை.