செத்தல் தியேட்டர்

உறுதி இல்லை, தங்கச்சி.
மாத்தளனில் அப்பாவின்ர கையில் இருந்த பைக்குள்ள
அது இருந்தது.
புகைப்படமோ? கேட்கச் சிரிப்பாய்க் கிடக்கு.
பதினெட்டு வருஷம் படம் ஓடின இடம்,
அதை ஒருத்தரும் படம் பிடிக்கயில்லை.

எழுதுங்கோ, சொல்லுறன்.
உடமையாளர் வல்லிபுரம் மார்க்கண்டு. என்ர தகப்பன்.
பெயர்ப்பலகையில் ஸ்ரீ லலிதா.
ஆனால் விசுவமடுச் சந்தியில் நிண்டு லலிதா எங்கை எண்டால்
கைகாட்ட ஆளில்லை.
செத்தல் தியேட்டர் எண்டால்தான் தெரியும்.

எழுபத்திரண்டு. மிளகாய்க்கு விலை ஏறி
திட்டத்துப் பெடியள் மூட்டையாய்க் கொண்டு போய்
நோட்டாய்க் கொண்டு வந்த காலம்.
மூண்டு போகம் வித்த காசில் சுவர் எழும்பிச்சு,
நாலாம் போகத்தில் கூரை.
பகலில் இடம் சும்மா கிடக்குது எண்டு
கலரிக்குள்ள செத்தல் மூட்டை அடுக்கினார்.
பின்னேரம் தூக்கி வைச்சு, கூட்டி, அதுக்குப் பிறகுதான் படம்.
பகிடிக் காட்சிக்கும் சனம் கண்ணைக் கசக்கும்.
நல்ல அழுகைப் படமாம் எண்டு கதை பரவி
முத்தையன்கட்டிலிருந்தும் உழவு மெசினில் வந்தினம்.

ஒரு படப்பெட்டிக்கு ரெண்டு தியேட்டர்.
பரந்தனில் ஓடி முடிஞ்ச சுருள்
மோட்டச்சைக்கிளில் வரவேணும்.
தர்மபுரத்தில் மழையெண்டால்
வில்லன் ஓங்கின கை ஓங்கினபடி நிக்கும்,
நாங்கள் கச்சான் உடைப்பம்.

எழுபத்தேழில் வெளிநாட்டு மிளகாய் வந்து இறங்கிச்சு.
மூட்டை வாங்க ஆளில்லை.
ரிக்கற் யன்னலுக்குள்ள இருந்தது நான்.
ஒரு கை செத்தலை நீட்டி
ரெண்டு கலரி கேட்டினம். குடுத்தன்.
அதைக் கணக்கில் எப்பிடிக் காட்டுறது எண்டு தெரியாமல்
களியாட்ட வரிப் புத்தகத்தில் அப்பா 'இலவசம்' எண்டு எழுதினார்.
கிராமசபை அதுக்கும் வரி கேட்டது.

பேனையைத் தட்டுறியள். சரி, சுருக்கிறன்.

தொண்ணூறில் டீசல் தடை, மெசின் நிண்டிட்டுது.
பிறகு நெல்லு.
பிறகு சனம்: ரெண்டு வரிசைக் கதிரைக்கு ஒரு குடும்பம்,
இடையில் சேலை.
திரைக்குக் கீழே ஒரு பிள்ளை பிறந்தது.
வெளிச்சம் காணாதெண்டு மருத்துவிச்சி கத்த,
ஒப்பரேட்டர் சூசைமுத்து
மெசினுக்குள்ளிருந்த குழிக்கண்ணாடியைக் கழட்டி
வாசலில் நிண்டு வெயிலைப் பிடிச்சு
உள்ளுக்கு எறிஞ்சார்.
முக்கால் மணித்தியாலம், கை ஆடாமல்.
அவர் கடைசியாய்க் காட்டினது அதுதான்.
அந்தப் பிள்ளையின்ர பெயர் எனக்குத் தெரியாது,
சாட்சிக்குக் கூப்பிட ஏலாது.

ரெண்டாயிரத்து ஒன்பது, தை.
திரைச்சீலை எப்பவோ போய், பின்சுவர் வெள்ளையாய் நிண்டது.
அதில் சனம் கரிக்கட்டியால் எழுதிச்சு.
*சின்னத்தங்கம் குடும்பம் உடையார்கட்டு.*
உடையார்கட்டை வெட்டிப்போட்டு *இரணைப்பாலை.*
*வெள்ளைப் பசு கண்டோட வந்தால் அவிட்டு விடுங்கோ.*
*யோகன், அம்மாவோட முன்னுக்குப் போறன். நீ வா.*
கையெட்டும் உயரம் நிரம்பினாப் பிறகு
ஆரோ கதிரை வைச்சு ஏறி எழுதியிருந்தினம்.
நாங்கள் ஒண்டும் எழுதயில்லை.
எங்கை போறம் எண்டு அப்பாவுக்குத் தெரியாது.

திரும்பி வர அந்தச் சுவர் இல்லை.
இந்தச் சீமெந்துதான், சங்கிலிச் சில்லு கடிச்ச தடத்தோட.
நேற்று உங்கட அளவையாளர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு
'இது களஞ்சியத் தரையாயும் இருக்கலாம்' எண்டார்.

அந்தத் தண்ணிப் போத்தலை ஒருக்கால் தாங்கோ.
இஞ்ச, வாசல் பக்கம் ஊத்துறன்.
களஞ்சியத்துக்கு ஆரும்
தரையைச் சரிச்சுப் போடுவினமோ?
பாருங்கோ, முதலாம் வகுப்பு தாண்டிட்டுது,
கலரிக்குள்ள போகுது,
திரைப் பக்கம்தான்.

காலை எடுங்கோ தங்கச்சி,
செருப்பு நனையப் போகுது.