வேரா, பூந்தண்டா

தம்பெரே நகரில் லிஃப்ட் பழுதுபார்க்கிறேன்.
கூரைக்கும் குழிக்கும் நடுவே
இரும்பு வடங்களோடு கழிகிறது பகல்.
நவம்பரில் பகல் என்பதே
ஒரு மரியாதைச் சொல்.

அப்படியொரு மூன்று மணி இருட்டில்
எங்கள் குடியிருப்பின் குப்பை அறையில்
அட்டைப்பெட்டிகளின் மேல் கிடந்தது
ஆர்க்கிட் ஒன்று, சட்டியோடு.
பூவெல்லாம் உதிர்ந்த ஒற்றைத் தண்டு,
துவண்ட மூன்று இலை,
ஒன்பது யூரோ தொண்ணூறு என்ற சீட்டு
இன்னும் கிழிக்கப்படாமல்.

நான் இரக்கக்காரி அல்ல.
பழுதைக் கண்டால் கை சும்மா இராது,
அவ்வளவுதான்.

கத்தரியைக் கொதிநீரில் முக்கி
அழுகிய வேர்களை நறுக்கினேன்.
மண் வேண்டாமாம் இதற்கு.
பைன் மரப்பட்டைச் சில்லுகள் போதும்,
இடையே காற்று போய்வந்தால் சரி.
தன் காட்டில் இது
உயரத்துக் கிளையொன்றைப் பற்றிக்கொண்டு
கீழே விழாமலிருப்பதையே
வாழ்க்கையாக வைத்திருந்ததாம்.
என் தொழிலும் அதுதான் என்றேன்
சட்டியிடம்.

காய்ந்த வேர் சாம்பல் வெள்ளி.
தண்ணீர் தொட்டதும்
கண்ணெதிரே பச்சை ஏறும்,
யாரோ ஆறாம் மாடியில்
பொத்தானை அழுத்தியதுபோல.
அதைப் பார்க்கவே
வாரம் ஒருமுறை வேலைவிட்டு
நேராக வீட்டுக்கு ஓடிவந்தேன்.

சனிக்கிழமை சௌனா.
நாங்கள் வேர்த்து முடித்து வந்தபின்
வெதுவெதுப்பான ஈரம் மிச்சமிருக்கும்
குளியலறையில் அதைக் கொண்டுபோய் வைப்பேன்.
துண்டோடு வாசலில் நிற்பார் வெய்க்கோ:
"அம்மையார் குளித்தாயிற்றா?"

இரண்டு குளிர்காலம் இலைதான் விட்டது.
மூன்றாவது ஜனவரி, மைனஸ் இருபத்தாறு,
இலையிடுக்கில் ஒரு பச்சை மூக்கு.

வேரா, பூந்தண்டா?
நுனி மழமழவென்று உருண்டிருந்தால் வேர்.
குழந்தையின் கம்பளிக் கையுறைபோல
ஒரு பக்கம் கட்டைவிரல் ஒதுங்கினால் பூ.
வேலைத் தொப்பியின் நெற்றிவிளக்கைப் போட்டு
முழங்காலிட்டுப் பார்த்தேன்
பதினோரு நாள்.
பன்னிரண்டாம் நாள் விடியாத காலையில்
காகித ஆலைக்குப் போன் செய்து
"கட்டைவிரல்!" என்றேன்.
"ஐயோ, யாருக்கு அடிபட்டது?" என்றார் வெய்க்கோ.

பிறகு மொட்டு எண்ணுகிற சுகம்.
எட்டு. ஒருநாள் மீன் வறுத்த புகைக்காக
ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தேன்,
ஏழு.
மார்ச்சில் ஆறு பூ விரிந்தன,
வெள்ளை, தொண்டையில் மட்டும்
பெர்ரி நசுக்கிய கறை.
ஆறும் வெளிச்சத்தைப் பார்த்து நின்றன;
வளர்த்தவளுக்கு முதுகு.
முற்றத்தில் பனி வாருகிறவர்
மண்வெட்டியை ஊன்றி அண்ணாந்து பார்த்தார்.
எனக்கு அது போதும் என்று இருந்தது.
(இல்லை, போதவில்லை.
ஒவ்வொரு மாலையும்
ஜன்னலுக்கும் சட்டிக்கும் இடையே தலையை நுழைத்து
அவற்றின் முகத்தைப் பார்த்தேன்.)

ஏப்ரலில் நான்காம் மாடி யால்மரி
லிஃப்ட் முனகுகிறது என்று சொல்ல வந்தவர்,
காபிக்கு உட்கார்ந்தவர், திரும்பினார்.
"எங்களிடமும் ஒன்று இருந்தது.
செத்துவிட்டது, பாவம்."

அப்போதுதான் பார்த்தேன்,
சட்டியில் அந்தச் சீட்டு,
ஒன்பது யூரோ தொண்ணூறு,
நேராக அவர் மூக்குக்கு எதிரே.
சர்க்கரை எடுக்கிறவள்போல எழுந்து
சட்டியை மெல்லத் திருப்பினேன்.
சீட்டு ஜன்னலுக்குப் போயிற்று,
ஆறு முகங்களும்
முதன்முறையாக அறைக்குள் வந்தன.

யால்மரி கோப்பையைக் கீழே வைத்தார்.
வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு, "இவ்வளவு அருகில்
நாங்கள் பார்த்ததேயில்லை" என்றார்.

மொட்டு விரியும்போது சட்டியைத் திருப்பக்கூடாது,
செடி குழம்பிப்போகும் என்பார்கள்.
உண்மைதான்.
ஏழாவது பூ அடுத்த வாரம் விரிந்தது,
ஜன்னலுக்கும் இல்லாமல் எனக்கும் இல்லாமல்
காபிப் பாத்திரம் இருந்த பக்கம்,
கொஞ்சம் கோணலாக.