இடது கை

மஞ்சக்குப்பத்தில், மருந்துக்கடைக்கு மேலே முதல் மாடி.
படியேறும்போதே அழுகையின் வயது தெரிந்துவிடும்.
மூன்று வயது, மூச்சை இழுத்து இழுத்து.
ஐந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு.
எட்டு வயது அழாது;
ஒன்றுக்கு வருகிறது என்று மட்டும் சொல்லும்,
மூன்று தடவை.

இவன் எதுவும் செய்யவில்லை.
சோனாங்குப்பத்துப் பையன், ஆறு முடிந்து ஏழு.
பெயர் தருணேஷ். கீழ்க்கடைவாயில் ஒரு பல்
உள்ளே குடைந்து கறுத்திருந்தது.
வாயைப் பூட்டிக்கொண்டு நின்றான்.
அவன் அப்பாதான் பேசினார்:
“சும்மா இருக்கலைன்னா டாக்டர் பெரிய ஊசியா போடுவாங்க.”
வாரத்துக்கு இருபது அப்பாக்கள்
எனக்கு முன்னாலேயே இந்த ஊசியைப் போட்டுத்தான்
பிள்ளைகளை உள்ளே அனுப்புகிறார்கள்.

அவரை வெளியே உட்காரச் சொன்னேன்,
மீன் தொட்டிப் பக்கம்.

எங்களுக்கென்று ஓர் அகராதி உண்டு.
ஊசி மருந்து, பல்லைத் தூங்கவைக்கும் தண்ணீர்.
துளைக்கும் கருவி, விசிலடிக்கிற குருவி.
எச்சில் உறிஞ்சும் குழாய், யானைக்குட்டியின் தும்பிக்கை.
முதலில் சொல்ல வேண்டும், பிறகு காட்ட வேண்டும்,
அவன் நகத்தின்மேல் ஓடவிட வேண்டும்,
அதற்குப் பிறகுதான் வாய்.

தும்பிக்கையை அவன் உள்ளங்கையில் வைத்தேன்.
தோலைக் கவ்வி இழுத்தது.
அப்போதுதான் பேசினான்:
“யானை இல்ல. படகுல தண்ணி எறைக்கிற பம்பு.”
குருவி?
கண்ணை மூடிக் கேட்டான்.
“ஐஸ் ஒடைக்கிற மெசினு. தூரத்துல.”
அகராதியைத் திருத்திக்கொண்டேன்.
பார்க்காத யானையைவிட பம்பை அவன் நம்பினான்;
படகை முங்காமல் வைத்திருக்கிற சாமான் அது.

“வலிக்குமா?”

வலிக்காது என்று சொல்வது சுலபம்.
படிக்கிற காலத்தில் ஒரு சிறுமியிடம் சொன்னேன்.
பிறகு நான்கு பேர் அவளைப் பிடித்தோம்,
நான் முழங்கால்களை.
பல் வேரோடு வந்தது, உடையாமல். மதிப்பெண் போட்டார்கள்.
அந்த முழங்கால்களின் சூடு
சில நாட்களில் இன்னும்
என் கையுறைக்குள் இருக்கிறது.

“எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும், நீ பத்து எண்ற வரைக்கும்.
அப்புறம் உதடு தடிச்சுப்போன மாதிரி.
எப்ப வேணாம்னு தோணுதோ
இடது கையைத் தூக்கு. நிறுத்திடுவேன்.”

“நெஜமா?”

“நெஜமா.”

ஊசிக்கு முன்னால் தூக்கினான். நிறுத்தினேன்.
ஆறு எண்ணும்போது தூக்கினான். நிறுத்தினேன்.
ஐஸ் மெஷின் ஓடத் தொடங்கியதும் தூக்கினான்;
மிதியிலிருந்து காலை எடுத்தேன்.
வலிக்குதா? இல்லை என்று தலையாட்டினான்.
மறுபடி. மறுபடி.
பிரிசில்லா கடிகாரத்தைப் பார்த்தாள்.
வெளியே ஏழு பேர்.
ஒன்பதாவது தடவைதான் எனக்குப் புரிந்தது:
பையன் முடிச்சைச் சோதிக்கிறான்,
கடலுக்குப் போகுமுன்
கயிற்றை இழுத்து இழுத்துப் பார்க்கிறவர்கள் மாதிரி.
பத்தாவது தடவை வரவில்லை.
கை மடியில் கிடந்தது, விரல்கள் விரிந்து.

அடைத்து முடித்து, நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி,
மேடு தட்டி, ஸ்டிக்கர் கொடுத்தேன்.
டைனோசர் வேண்டாமாம். திமிங்கலம்.

பிறகு ஜன்னல் வழியே பார்த்தது இது.
கீழே, பைக்குக்குப் பக்கத்தில்,
மரத்த உதட்டைக் கடிக்காதே என்று நான் சொன்னதை
அவன் கடித்துப் பார்த்திருக்க வேண்டும்.
சட்டையில் ரத்தம்.
அப்பா கையை ஓங்கினார்.
அவன் ஒதுங்கவில்லை.
இடது கையைத் தூக்கினான்,
என்னிடம் தூக்கியதைப் போலவே, தோள் உயரத்துக்கு,
முகத்தை நேராகப் பார்த்து.

ஓங்கிய கை ஒரு நொடி மேலேயே நின்றது.
அதற்குள் பண்ருட்டி பஸ் குறுக்கே வந்துவிட்டது.
ஆள் இறங்கி, ஆள் ஏறி, கண்டக்டர் விசில் ஊதி
அது நகர்ந்தபோது
அங்கே பைக் இல்லை.

பிரிசில்லா அடுத்த பெயரைக் கூப்பிடுகிறாள்.
இந்த நாற்காலிக்குள் மட்டும்தான் அது செல்லும் என்று
அவனிடம் நான் சொல்லவில்லை.