இருநூற்றுப் பதின்மூன்றாம் அட்டை

கிரான் பாலம் மூன்றாம் நாளும் தண்ணிக்குக் கீழே.
வள்ளத்தில் ஏற்றி வந்த சனம்
பள்ளிக்கூட விறாந்தையில்
ஈரச் சாரத்தோடு வரிசை நின்றது.
அட்டை இருநூற்றுப் பன்னிரண்டு.
பொதி இருநூற்றிருபது.
கணக்கு என்னிடம். களஞ்சியப் பொறுப்பாளர் நவசீலன்,
பத்தொன்பது வருடத்தில்
ஒரு தேங்காய் குறைந்ததில்லை.

டி.எஸ். அருந்தவமலர் மேடம்
அன்றைக்குக் கதிரையில் இருக்கவேயில்லை.
படம் எடுக்க வந்தவனை வாசலோடு திருப்பினா.
பெண்களுக்கான துணி
பட்டியலின் முதல் வரியில் இல்லையென்று என்னை ஏசினா.
கடைசி வரியில் இருந்தது.
முதல் வரியில் வேணுமாம்.

பின்னேரம் மூன்று மணிபோல
ஒரு மனிசன் இரண்டாந்தரம் வந்தான்.
சாரம் மாற்றியிருந்தான், தலையில் துவாய்.
இடக்கால் பெருவிரலில் நகம் இல்லை;
காலையிலும் இல்லை.
கையைப் பிடித்துவிட்டேன்.
பிடித்ததில் ஒரு சந்தோசம், மறைப்பானேன்.
வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
தூணோடு நின்ற அவன் மகள் மட்டும்
வேறு பக்கம் பார்த்தாள்.

மேடம் வந்தா.
அவனைப் பார்க்கவில்லை,
அந்தப் பிள்ளையைத்தான், நெடுநேரம்.
"வீட்டில எத்தின பேர்?"
"ஒன்பது, அம்மா."
பொதி நாலு பேருக்கு. சுற்றறிக்கை அப்படி.
"நவசீலன், கைய விடுங்க.
இவருக்கு இன்னொரு அட்டை இருக்கு,
நீங்கதான் தவறவிட்டிட்டீங்க.
இருநூற்றுப் பதின்மூன்று. எழுதுங்க."
யோசிக்காமல் சொன்னா,
பிறந்த திகதியைச் சொல்வதுபோல.

எழுதினேன். பல்லைக் கடித்துக்கொண்டு.

மாசியில் கணக்காய்வு.
இருநூற்றுப் பதின்மூன்று யார்?
பெயர் இல்லை, அடையாள அட்டை இலக்கம் இல்லை,
கிராம சேவகர் ஒப்பம் இல்லை.
விளக்கக் கடிதத்தை அவவே எழுதினா, கையால்:

'மேற்படி அட்டை என்னுடையது.
வாகரையிலிருந்து காட்டால் நடந்து வந்த வருடம்
முகாமில் எங்களுக்குத் தரப்பட்டது.
அப்பா அதே அட்டையோடு
இரண்டாந்தரம் வரிசையில் நின்றார்.
அரிசிப் பையைக் கழுத்தில் கட்டி
பொழுதுபடும்வரை கொடிக்கம்பத்தடியில் நிறுத்தினார்கள்.
நான் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் நின்றேன்.
பொதியின் பெறுமதியை
என் சம்பளத்தில் கழிக்கவும்.'

கழித்தார்கள். இரண்டாயிரத்து நானூற்று எண்பது ரூபாய்.

அதே முகாமால் வந்த இன்னொரு அதிகாரியிடமும்
நான் வேலை செய்திருக்கிறேன்.
வெள்ள நிவாரணத் தகரம்
அவருடைய மாட்டுக் கொட்டிலுக்கு ஏறியது.
பட்டவரெல்லாம் பரிவார் என்று
எனக்கு ஒருவரும் சொல்லவேண்டாம்.
அதே கூடாரம், அதே புழுத்த பருப்பு;
என்னத்தால் ஒன்று அப்படிப் போச்சு,
மற்றது இப்படி வந்துது?
களஞ்சியத்தில் அதற்குப் பேரேடு இல்லை.

மார்கழியில் மழை திரும்பப் பிடித்தது.
புது அட்டைகளுக்கு நான்தான் இலக்கம் போட்டேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
அதற்கடுத்து இருநூற்றுப் பதினான்கு.
மேடம் ஒப்பமிடும்போது
கவனித்தாவோ தெரியாது.
"துணி முதல் வரியில இருக்கா?"
அதை மட்டும் கேட்டா.

இருந்தது.