மூன்றாம் மாடி

ரோலர் மெஷின் அருகே
மங்ரா ஓராவ்ன் உட்கார்ந்திருந்தான்,
முழங்கை வரை சாக்கு சுற்றி.
சாக்கு கறுத்துக்கொண்டே வந்தது.
இரவு ஒன்று இருபது.

செல்போன் எங்களுக்கு டார்ச் மட்டும்தான்.
பழைய டெலிபோன் கம்பி
போன ஐப்பசியில் சில்வர் ஓக்கோடு சாய்ந்தது,
சாய்ந்ததோடு சரி.
பிறகு வந்தது இந்தக் கறுப்பு ஃபோன்.
இணையத்தில் பேசும், செலவு குறைவு
என்று தலைமை அலுவலகம் கடிதம் போட்டது.

நூற்றெட்டை அழுத்தினேன்.
உடனே எடுத்தார்கள், அதைச் சொல்லவேண்டும்.
"பெருங்குடி, மூன்றாம் மாடி, சரிதானே சார்?
வண்டி கிளம்பிடுச்சு."

பெருங்குடி.
எங்கள் தூளுக்குக் கணக்கு எழுதுகிறவர்கள் இருக்கும் இடம்.
நான் போனதில்லை. லிஃப்ட் உண்டாம்.

இது மலைம்மா, என்றேன்.
"எந்த மலை?"
கோத்தகிரி தாண்டி, சோலூர்மட்டம் ரோட்டில்...
"ஸ்க்ரீன்ல சென்னைதான் காட்டுது.
பக்கத்துல என்ன இருக்கு?"

ஜன்னலைப் பார்த்தேன்.
மேகம் ஏறி நின்றது. கண்ணாடியில் என் முகம்.
நினைவிலிருந்து சொன்னேன்:
காட்டெருமை படுக்கும் வளைவு,
லாரிக்காரர்கள் எலுமிச்சை வைக்கும் கல்,
காரட் கழுவிய தண்ணீர் ரோட்டைக் கடக்கும் இடம்.
"காரட்டுங்கறது ஊர் பேரா சார்?"

மங்ரா மயங்காமலிருக்க
தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான்:
கிராமம், போஸ்ட், தாணா, ஜில்லா கும்லா.
எங்களில் அவனுக்கு மட்டும்
விலாசம் துல்லியமாகத் தெரிந்தது.

கடைசியில் கோத்தகிரி வண்டியோடு இணைத்தாள்.
டிரைவர் ஜோகி ஒன்றுதான் கேட்டான்:
"ஃபேக்டரி சங்கு ஊதுமா?"

ஓடிப் போய் ஊதினேன்.
ஆறு மணிச் சங்கு, இரண்டு மணிக்கு.
லைன் வீடுகளில் விளக்கு எரிந்தது.
யாரோ பல் துலக்க வெளியே வந்தார்கள்.
எதிர்மலை அதை வாங்கித்
திருப்பி ஊதியது, எங்களைவிடச் சத்தமாக.

ஜோகி முதலில் எதிர்மலைக்குத்தான் போனான்.
பதினோரு நிமிடம்.
பிறகு எஞ்சினை அணைத்து
தலையை வெளியே நீட்டி
எது முந்தி, எது பிந்தி என்று
இருட்டில் கேட்டிருக்கிறான்.

இரண்டு விரல் போயிற்று. கை இருக்கிறது.

பெருங்குடியிலும் ஒரு வண்டி போய்
செக்யூரிட்டியை எழுப்பியதாம்.
திங்கட்கிழமை படிவம் வந்தது, முகவரி மாற்ற.
மாடி எண் கட்டாயம்.
பூஜ்யம் போட்டேன், ஏற்கவில்லை.
ஒன்று என்று போட்டேன்.
இருப்பிடம் உறுதி செய்யப்பட்டது, நன்றி.

சங்கின் ஸ்விட்சை
ஃபோனுக்குப் பக்கத்தில் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.
எலக்ட்ரீஷியன் இன்னும் வரவில்லை.