ஐந்தாவது தடத்தில் எய்னோ

தேவகோட்டை தீயணைப்பு நிலையத்தில்
பேச்சு எங்கே தொடங்கினாலும்
சேவுகன் அண்ணன் அதைப் பின்லாந்துக்குக் கொண்டுபோய்விடுவார்.
ரசத்தில் உப்பு கூடினாலும் சரி,
பம்பு தண்ணீர் பிடிக்காவிட்டாலும் சரி.
"எய்னோவும் நம்ம டிபார்ட்மெண்ட்தான், தெரியும்ல?"

தெரியும்.
நாற்பது தடவை தெரியும்.
மூன்று முறை உலகத் தங்கம்.
பகலெல்லாம் படகு, ராத்திரி தீயணைப்பு வண்டி.
விரித்த கை கதவுநிலை அகலம்.
எங்க ஊர்ப் பெரிய வீட்டுக் கதவா, போலீஸ் லைன் வீட்டுக் கதவா
என்று கேட்டால் மட்டும் கோபம் வரும்.

விருசுழி ஆற்றில் மணலைத் தவிர
வேறெதுவும் ஓடிப் பார்க்காதவரை
பட்டாளத்தில் ஒரு சுபேதார்
"கை நீளமா இருக்கே, ஏறு" என்று
பெங்களூர் ஏரியில் இறக்கிவிட்டார்.
ஆறாம் வருஷம், பெயர் வாயில் நுழையாத ஒரு குளிர்ந்த ஊர்.
அண்ணனுக்கு ஆறாவது தடம்.
ஐந்தாவதில் எய்னோ.

படகுப் பந்தயம் ஒரு கிறுக்குப் பந்தயம் தம்பி,
எல்லாரும் முதுகு காட்டித்தான் முன்னே போறோம்.
முந்துறவன் மொத்தப் பேரையும் பாத்துக்கிட்டே போவான்.
பிந்துறவனுக்குத் தெரியுறது
தான் விட்டுவந்த தண்ணி.

முதல் ஐந்நூறு மீட்டர் அண்ணன்தான் முன்னால்,
மூச்சை மிச்சம் வைக்கத் தெரியாத முன்னால்.
அப்போது பார்த்ததுதான் அந்த முதுகு.
வெள்ளை பனியன். வலத் தோளுக்குக் கீழே கிழிசல்.
தைத்திருந்த நூல் நீலம்.
"அவனே தைச்சிருக்கான்யா, சாம்பியன்!"
அந்த முதுகு அவசரப்படவில்லை.
பெரிதானது,
பக்கத்தில் வந்தது,
பிறகு இல்லை.
துடுப்பு விட்ட சுழிகள் மட்டும்
ஒன்று ஒன்றாய் அண்ணனைக் கடந்து போயின.

ஆறாவதாய் வந்தார். ஆறு பேரில்.

நேற்று செண்ட்ரி டூட்டியில் தூக்கம் வராமல்
போனில் அந்தப் பெயரைத் தேடினேன், முதல் தடவையாக.
இறந்து இரண்டு வருஷம் ஆகிறது.
அவர் ஊரில் ஒரு பாலத்துக்கு அவர் பெயர்.
படகுத்துறையில் வெண்கலத் துடுப்பு,
அதன் பிடி மட்டும் பளபளக்கிறது,
வருகிறவர்கள் எல்லாம் தொட்டுத் தொட்டு.

காலையில் சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.
ஆறரைக்கு மணி அடித்தது. ஆறாவயல்.
கமலைக் கிணற்றில் ஒரு செவலைக் கிடாரி.
கயிற்றைக் கட்டி மேலே வந்த அண்ணன்
ஈரத்தோடு எங்களை வரிசையில் உட்காரவைத்தார்.
"முதல்ல கால். அப்பறம் முதுகு.
கடைசியிலதான்டா கை!"
கிடாரி வந்தது, மூத்திரம் பெய்துகொண்டே.

மாட்டுக்காரர் மோர் கொடுத்தார்.
"எங்கண்ணே கத்துக்கிட்டீங்க இந்த இழுவைய?"
நான் வண்டியை ஸ்டார்ட் செய்தேன்.
கண்ணாடியில் அண்ணன் செம்பைக் கீழே வைப்பதும்
கையை அகல விரிப்பதும் தெரிந்தது.
"எய்னோன்னு ஒருத்தன் இருக்கான்..."

இன்ஜினை அணைத்துவிட்டேன்.
முடிக்க எப்படியும் அரைமணி ஆகும்.