மூன்றாவது உச்சிக்குப் பெயர் தெரியாது

பிர்கத் அல் மௌஸ் சோதனைச் சாவடியில்
நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிதானா என்று குனிந்து பார்த்த போலீஸ்காரர்
எங்கள் கால்களையும் பார்த்தார்.
கம்பெனி கொடுத்த பூட்ஸ். இரும்பு மூக்கு.
சிரித்துவிட்டுக் கையசைத்தார், போங்கள் என்று.

வெள்ளிக்கிழமை. சைக் போய்ச் சேர்ந்தபோது ஐந்தே கால்.
ஜனவரி இருட்டில் ரொடெலின் மூச்சு
அவனுக்கு முன்னால் புகையாக நடந்தது.

நான் டவர் கிரேன் ஓட்டுகிறவன்.
மஸ்கட்டில், கலாவில்,
தினமும் இருநூற்றுப் பன்னிரண்டு படி ஏறி
ஏறிய கையோடு உட்கார்ந்துவிடுவேன்.
உயரம் என்றால் எனக்கு ஒரு நாற்காலி.
அங்கே நடக்கவும் செய்யலாமே என்று
கேம்ப் மெஸ்ஸில் சாம்பாரைப் பிசைந்தபடி சொன்னவன்
பிளம்பர் ராயப்பன்.

முதல் உச்சி ஒன்பது மணிக்குள் முடிந்தது.
பாறைகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு,
யாரோ வாளியும் பிரஷ்ஷுமாகப் போய்
வழி நெடுகப் பூசி வைத்திருந்தார்கள்.
முறுக்கிப் பிழிந்த துணிபோல ஒரு மரம்.
அதன் காயை நசுக்கி முகர்ந்த ரொடெல்
"ஜின்" என்றான், கண்ணை மூடிக்கொண்டு.
மெஸ்ஸில் கிடைக்காததெல்லாம் மலையில் காய்க்கிறது.

அதன்பிறகு மலை
ஏறியதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது,
வட்டியோடு.
உடைந்த தட்டுகளைக் கொட்டியதுபோல் சரிவு.
நானூறு மீட்டர் இறங்கி, மறுபடி அதே நானூறு.
இரண்டாம் உச்சியில் யாரும் பேசவில்லை.
ராயப்பன் பூட்ஸைக் கழற்றிப் பார்த்துவிட்டு
பார்க்காததுபோல் மாட்டிக்கொண்டான்.

மூன்றாவதில் ஒரு கற்குவியல்.
துருப்பிடித்த மத்தி மீன் டப்பா.
நாங்கள் காண வந்த பள்ளத்தாக்கின் இடத்தில்
மேகம்.
குளிர்ந்துபோன பரோட்டாவை அதைப் பார்த்தபடியே தின்றோம்.
கிரேனில் காற்று மீறினால் மணி அடிக்கும்,
இறங்கிவிடலாம்.
இங்கே காற்று மட்டும்தான்.

திரும்பும்போது வண்ணங்களைத் தொலைத்தோம்.
ஒவ்வொரு பாறையிலும் பாசி மஞ்சள் பூசியிருந்தது.
"இதோ" என்பேன். இல்லை.
"அதோ" என்பான் ரொடெல். ஒரு ஆடு.
மூன்றரை மணி. முழங்காலுக்குள் யாரோ மணலை அள்ளிப் போட்டார்கள்.

அப்போது ராயப்பன் தடுக்கி விழுந்தான்,
விழுந்தவன் எழாமல் சிரித்தான்.
காலடியில் கருப்புத் தண்ணீர்க்குழாய்.
இந்தப் பக்கமும் மேகத்துக்குள் போகிறது,
அந்தப் பக்கமும் மேகத்துக்குள் போகிறது.

"ஒரு முனையில் ஊற்று, இன்னொரு முனையில் ஆள்"
என்று சொல்லி, இரும்பு மூக்கால் மிதித்தான்.
குனிந்து இரு புறமும் அமுக்கிப் பார்த்தான்,
வைத்தியன் நாடி பார்ப்பதுபோல.
"இது இறுகுது. இங்கிட்டு ஊற்று.
நம்ம அங்கிட்டுப் போகணும்."

போனோம். பள்ளத்தில் தொங்கியது, முள்ளில் நுழைந்தது,
கிழிந்த இடத்தில் சைக்கிள் ட்யூப் கட்டியிருந்தது.
அந்தக் கட்டைத் தடவிப் பார்த்து
"நல்ல வேலைக்காரன்" என்றான் ராயப்பன்.

விளக்கு தெரிந்தபோது ஏழு.
தொட்டியருகே பாதி நிறைந்த வாளியோடு ஒருவர்.
எங்களைக் கண்டதும் திட்டத் தொடங்கினார்.
தண்ணீரை நிறுத்தியது யார்,
தலையில் சோப்போடு எவ்வளவு நேரம் நிற்பது.
காதோரம் இன்னும் நுரை.
பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு
எங்களோடு பேசிய முதல் அந்நியர்.
திட்டட்டும் என்று நின்றோம்.
மூச்சு வாங்க நிறுத்தியவர்
எங்கள் வண்டி எங்கே என்று கேட்டார்.
சொன்னோம்.
மலையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு
சாவி எடுக்க உள்ளே போனார்.

சனிக்கிழமை நூற்று நாற்பதாவது படியில் நின்றேன்.
ஒன்பது வருடத்தில் முதல் முறை.
வாக்கி டாக்கியில் சிக்னல்மேன் கேட்டான்,
காற்று எவ்வளவு, உஸ்தாத்?
நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்து, பார்த்து,
பதினொன்று என்றேன்.
முழங்காலைப் பற்றி அவன் கேட்கவில்லை.